சத்தம் போடாத டயர்

டயர் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. தெரியாமலே நம்மிடம் தர்க்கம் பண்ணுவார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு ஆகாது. வடசேரிச் சந்தைக்கு எதிரில் நான் கடை போட்ட நாள் முதல் இந்த ஒரே காரணத்துக்காக எத்தனையோ பேரைத் திட்டி அனுப்பியிருக்கிறேன். முத்துநாயகம் கடைக்குப் போனால் டயரும் கிடைக்கும் ஏச்சும் கிடைக்கும் என்று ஊரில் பேச்சு. 1952 ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஞானதாசன் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, சத்தம் போடாத டயர் இருக்கிறதா என்று கேட்டபோதும் எனக்கு அந்தக் கோபம்தான் வந்தது.

"டயரா வே சத்தம் போடுது? இன்ஜின்லா சத்தம் போடும்" என்றேன்.

"இன்ஜினை அணைச்சிரலாம் அண்ணாச்சி. டயரை அணைக்க முடியாதுல்லா" என்றான்.

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று அன்று எனக்குத் தெரியாது. மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் நான் முழித்த மாதிரி நீங்களும் முழிக்க வேண்டாம். முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன்.

ஞானதாசனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. யுத்த காலத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து மோட்டார் சைக்கிளில் கடிதம் கொண்டு போகிற வேலை பார்த்தவன். ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு, மழையோ சேறோ, உத்தரவைக் கொண்டு சேர்த்துவிட வேண்டும். ஒரு நாள் தவறியதில்லை என்பான். அப்படி ஊர்ப்பட்ட கடிதம் சுமந்தவனுக்கு, அவன் அம்மா இறந்த சேதி இருபத்தாறு நாள் கழித்துத்தான் கிடைத்தது. அவன் அங்கே உட்கார்ந்து அழுத அன்று இங்கே எல்லோரும் அழுது முடித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அப்பா அதற்கு முன்பே போயாயிற்று, உடன்பிறந்தவர்கள் கிடையாது. யுத்தம் முடிந்ததும் மெட்ராஸில் பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் அதே ஜாதி வண்டி ஒன்றை எடுத்து, அதிலேயே ஊர் வந்து சேர்ந்தான். வந்தவனை யாரென்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஒழுகினசேரியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டான்.

பிழைப்புக்குத் தையல் மெஷின் பழுது பார்த்தான். குழித்துறையிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் தையல் மெஷின் உள்ள வீடெல்லாம் அவனுக்குத் தெரியும். அதோடு நின்றிருந்தால் நல்லது. நாற்பத்தெட்டில் அவன் தெருவில் ஒரு அம்மாள் சாயங்காலம் இறந்துபோனாள். ஒரே மகள் மயிலாடியில் இருந்தாள். காலையில் அடக்கம், பஸ் போய்விட்டது, தந்தி கொடுத்தாலும் மறுநாள்தான் போய்ச் சேரும். ஞானதாசன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னான். பெட்டியை மூடுவதற்குள் மகள் வந்து முகத்தைப் பார்த்துவிட்டாள். அன்று பிடித்தது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், இந்துவானாலும் கிறிஸ்தவனானாலும், தூரத்துச் சொந்தத்துக்குக் கேதம் சொல்ல ஞானதாசனைக் கூப்பிடு என்று ஆகிப்போயிற்று. அவனும் முடியாது என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை. தனக்கு நடந்த மாதிரி இன்னொருத்தருக்கு நடக்கக் கூடாது என்று ஒரே பிடிவாதம். பெட்ரோல் செலவுக்குக்கூடக் கை நீட்டமாட்டான், கிறுக்கன்.

அதனால் என்ன ஆயிற்று என்றால், அந்த வண்டிச் சத்தத்துக்கு ஊரெல்லாம் பயந்தது. அவன் வண்டியில் இருந்தது பட்டாளத்து டயர். கட்டை கட்டையாகப் பெரிய ரப்பர், சேற்றைக் கவ்விப் பிடிக்கிறதற்காகச் செய்தது. அது நம் சிமென்ட் ரோட்டில் ஓடினால் ஊங்கென்று ஓர் ஊளை எழும்பும். அது கேட்டால் அரைத்துக்கொண்டிருக்கிற பெண் கையை நிறுத்துவாள். எந்த வீட்டுக்குத் திரும்புகிறான் என்று தெருவே எட்டிப் பார்க்கும். தன் வீட்டைத் தாண்டிப் போய்விட்டான் என்றால் கும்பிட்டுக்கொள்வார்கள். மெஷின் பழுது பார்க்கக் கூப்பிடுகிறவர்கள்கூட வண்டியைத் தெரு முக்கிலேயே நிறுத்திவிட்டு நடந்து வரச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் வண்டியில்லாமல் வாரும் என்பார்கள். பிறகு அழைப்பதையே விட்டுவிட்டார்கள். தான் வருவதைப் பார்த்து ஒரு ஆள் சிரித்து நாலு வருஷம் ஆகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

கொட்டாரத்தில் இசபெல் என்று ஒரு பெண். துணி தைத்துப் பிழைப்பவள். அவள் புருஷன் மலையில் எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், காய்ச்சலில் அங்கேயே இறந்தார். அந்தச் சேதியைக் கொண்டு போனது ஞானதாசன். ஒன்றரை வருஷத்தில் குழித்துறையில் இருந்த அவள் அப்பா போனார். அதையும் இவன்தான் கொண்டு போனான். இனி அவளுக்கென்று மிச்சம் இருந்தது கொழும்பில் வேலை பார்க்கிற அண்ணன் ஒருவன். அவள் மெஷினைப் பழுது பார்க்க மாதத்துக்கு ஒருமுறை போய்ப் போய், ஞானதாசனுக்கு அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை. எப்படிச் சொல்லுவான்? இவன் வண்டி தெருவில் திரும்பும்போதே அவள் வெளிறிப்போய் நிற்பாள். இவன் மெஷினைக் கழற்றிப் பூட்டி முடிக்கிற வரைக்கும் அவளுக்கு முகம் தெளியாது. ஒரே ஒரு நாள், அவள் பயப்படாமல் இருக்கும்போது, முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட வேண்டும். அதற்காகத்தான் அவனுக்குச் சத்தம் போடாத டயர் வேண்டியிருந்தது.

இதில் ஒன்றும் தெரியாத நான் பின் டயரைக் கழற்றி உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். மேலே மொட்டை. உள்ளே ரப்பரைத் தாங்குகிற துணி இரண்டு விரல் அகலத்துக்கு அறுந்து கிடந்தது. புது ரப்பர் ஏற்றி ஓட்டலாமா என்று கேட்டான். ரப்பர் ஏற்றுவது என் தொழில், அதில்தான் எனக்கு லாபம். ஆனாலும் துணி அறுந்த டயருக்கு ரப்பர் ஏற்றித் தருகிற ஆள் நான் இல்லை. புதுசுதான் என்று சொல்லி இரண்டு விதம் எடுத்துப் போட்டேன். ஒன்று பழையது மாதிரியே கட்டை டயர். இன்னொன்று நீளவாக்கில் கோடு கோடாக ஓடுகிற டயர். அது முன் சக்கரத்துக்கு உள்ளது.

அவன் செய்ததைக் கேளுங்கள். ஒவ்வொரு டயராக நிமிர்த்தி, கடையின் சிமென்ட் தரையில் உருட்டிவிட்டு, கூடவே குனிந்து நடந்து காதைக் கொடுத்துக் கேட்டான். கட்டை டயரை இரண்டு தரம் உருட்டினான். கோட்டு டயரை ஐந்தாறு தரம் உருட்டினான். லாரிக்கு டயர் பார்க்க வந்திருந்த சுசீந்திரத்துக்காரர் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

கோட்டு டயரே இரண்டு சக்கரத்துக்கும் வேண்டும் என்றான். நான் படித்துப் படித்துச் சொன்னேன். பின்னால் அதைப் போடக் கூடாது, இது சாரல் காலம், செம்மண்ணில் பிரேக் பிடித்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும், எலும்பு முறிந்தால் நான் பொறுப்பில்லை என்றேன். அவன் மண்டையில் ஏறவில்லை. தெருவில் வந்தால் எவ்வளவு தூரத்துக்குக் கேட்கும் என்பது மட்டும்தான் அவன் கேள்வி. பக்கத்தில் வந்து நின்றாலும் கேட்காது வே, போதுமா என்று எரிந்து விழுந்தேன். அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டையும் மாட்டிக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அவனே திங்கட்கிழமை என் கடையில் உட்கார்ந்து சொன்னான்.

ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறான். சுசீந்திரம் தாண்டிச் சாரல் பிடித்தது. ஒரு வளைவில் நான் சொன்ன மாதிரியே பின் சக்கரம் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறது. சமாளித்துவிட்டான். கொட்டாரத்தில் அவள் தெருவுக்குள் திரும்புவதற்கு ஒரு பர்லாங் முன்னாலேயே இன்ஜினை அணைத்தான். அங்கே லேசான இறக்கம். வண்டி பைய உருண்டு, ஒரு சத்தமில்லாமல் அவள் வாசலில் போய் நின்றது. ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. அவனுக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

இசபெல் கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். இவன் லேசாகச் செருமினான். அவள் திரும்பினாள். ஞாயிற்றுக்கிழமை, மெஷின் வேலை இல்லாத நாள். வெள்ளைச் சட்டை. முகத்தில் மழைத்தண்ணீர் வேறு. அவள் கையிலிருந்த கயிறு நழுவி, வாளி கிணற்றுக்குள் விழுந்தது. கொழும்பிலயா என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

இவன் ஓர் அடி முன்னே வைத்தான். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஞானதாசன் நிற்கிறான், அவள் தரையில் கிடக்கிறாள், இதற்கு மேல் யாருக்கு என்ன விளக்கம் வேண்டும்? ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி இசபெலைக் கட்டிக்கொண்டு, கடல் கடந்து போன ராசா என்று அண்ணன் பேரைச் சொல்லி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள். போதகருக்குச் சொல்ல ஆள் ஓடிற்று. ஒருத்தரும் சாகவில்லை, ஒருத்தரும் சாகவில்லை என்று இவன் கத்துவது அந்த அழுகையில் கேட்கவே இல்லை. நாலாவது தரமோ ஐந்தாவது தரமோதான் கேட்டது. எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டு இவனைப் பார்த்தார்கள்.

"பின்ன எதுக்கு வந்தீரு?" என்று ஒப்பாரி வைத்த அம்மாளே கேட்டாள்.

இருபது பேர் நிற்கிறார்கள். சேற்றில் உட்கார்ந்து இசபெலும் பார்க்கிறாள். பெண் கேட்க வந்தேன் என்று அங்கே எவன் சொல்லுவான்? மெஷினுக்கு எண்ணெய் விட வந்தேன் என்று சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமையா என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லையாம். சிரித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும் என்றான்.

சொன்னதைச் செய்துதானே ஆக வேண்டும். வண்டிப் பையிலிருந்து எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பத்து நாளைக்கு முன்னால்தான் எண்ணெய் விட்ட மெஷினுக்கு ஒவ்வொரு துளையாக மறுபடியும் விட்டான். இசபெல் வந்து கதவோரம் நின்றாள். சேலையெல்லாம் சேறு. அவளுக்குக் கோபம் இல்லை.

"வண்டிச் சத்தம் கேட்டா, நீங்க வாசலுக்கு வாறதுக்குள்ள எனக்கு ஒரு நிமிசம் கிடைக்கும்" என்றாள். "கையில உள்ளத கீழ வச்சிட்டுச் சுவரப் பிடிச்சுக்கிடுவேன். இன்னைக்கு அதையும் இல்லாம ஆக்கிட்டீங்களே."

இதைச் சொல்லி முடித்து ஞானதாசன் என் கடையில் அடுக்கி வைத்திருந்த டயர்களைப் பார்த்தான். கோட்டு டயர் இரண்டையும் கழற்றிவிட்டுக் கட்டை டயரே போட்டுவிடச் சொன்னான். அதிலும் எது ரொம்பத் தூரத்துக்குக் கேட்கும் என்று கேட்டான். அந்தச் சத்தத்தை ஊர் வெறுக்கிறது என்றே இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தானாம். சனங்களுக்கு அந்த ஒரு நிமிஷமாவது வேண்டும் அண்ணாச்சி என்றான். எழுந்து போய், இருந்ததிலேயே பெரிய கட்டையுள்ள ஜோடியைத் தேடி எடுத்து வந்தேன். இந்த முறை அவன் உருட்டிப் பார்க்கவில்லை.

மாட்டும்போது எனக்குப் பொறுக்கவில்லை. பெண் கேட்க மாப்பிள்ளையே போய் நிற்பானா, எந்த ஊர் வழக்கம் வே இது, மாமனோ சித்தப்பனோ ஒரு பெரிய ஆள் போக வேண்டாமா என்று சத்தம் போட்டேன்.

"அதுக்கு ஆளு வேணும்லா அண்ணாச்சி. எனக்கு யாரு உண்டு?" என்றான்.

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான்தான் டயரில் காற்றை அளவுக்கு மேல் அடித்துவிட்டு, மறுபடி இறக்கினேன். இருபது வருஷத் தொழிலில் எனக்கு அப்படி ஆனதில்லை.

வீட்டில் தாணம்மாளிடம் சொன்னேன். அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். எனக்கு வாய்த்த பெண்டாட்டி என்னைவிடக் கோபக்காரி.

"ஊருக்கெல்லாம் சேதி கொண்டு போற மனுசன். அவருக்கு ஒரு சேதி கொண்டு போக இந்த ஊர்ல ஆளு இல்லியா? நீங்க போனா என்ன, காலு தேஞ்சா போவும்?"

வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டுக் கொட்டாரத்துக்குப் பஸ் ஏறினேன். கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். போகும்போது தெம்பாகத்தான் இருந்தேன். என்ன பேச வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நல்லவன், குடி கிடையாது, கைத்தொழில் உண்டு, உன்னை ராணி மாதிரி வைத்துக்கொள்வான் என்றெல்லாம்.

இசபெல் நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, நான் சொன்னதை முழுக்கக் கேட்டாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. எண்ணெய் விட்ட மெஷினுக்கே மறுபடி எண்ணெய் விட்டபோதே தெரிந்துகொண்டேன் என்றாள். நல்ல மனிதர் என்பதில் தனக்குச் சந்தேகமில்லை என்றும் சொன்னாள். சரி, காரியம் பழுத்துவிட்டது என்று நான் மனதுக்குள் நாள் குறிக்கவே தொடங்கிவிட்டேன்.

"ஆனா, கெட்டிக்கிட்டா அவ்வோ தினமும் சாயங்காலம் இந்த வாசல்லதான வந்து நிப்பாவ? தினமும் நான் சுவரப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா அண்ணாச்சி?" என்றாள்.

வண்டியை விற்றுவிடச் சொல்கிறேன், நடந்து வரச் சொல்கிறேன், மாட்டு வண்டியில் வரச் சொல்கிறேன் என்று நான் அடுக்கினேன். அவள் தலையை ஆட்டினாள்.

"வண்டி இல்ல அண்ணாச்சி. மொகம். எங்க வீட்டுக்காரர் போனத அந்த மொகம்தான் வந்து சொன்னுது. அப்பா போனதையும் அந்த மொகம்தான் சொன்னுது. அவ்வோ சிரிச்சாக்கூட எனக்கு அதுதான் தெரியுது. நான் என்ன செய்ய?"

சொல்லிவிட்டு அழுதாள். மனதில் இஷ்டம் இல்லாதவள் அழுகிற அழுகை இல்லை அது. டயரைப் பற்றி என்றால் ஒரு நாள் முழுக்கத் தர்க்கம் பண்ணுவேன். இங்கே மட்டிப்பழச் சீப்பை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் உட்காரவில்லை. ஒழுகினசேரி வருகிற வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எப்படிச் சொல்ல? சுற்றி வளைத்துச் சொல்லவா, போனதும் சொல்லிவிடவா? அவள் ஊரில் இல்லை என்று பொய் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நாலு வருஷமாக இந்தப் பாரத்தைத்தான் அவன் ஊர் ஊராகச் சுமந்திருக்கிறான் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. ஊர் அழும்போது நாமும் கூட நின்று அழலாம். சேதி கொண்டு போகிறவன் அழ முடியாது.

ஒழுகினசேரியில் இறங்கி அவன் அறைக்கு நடந்தேன். மணி நாலு இருக்கும். அவன் வாசலில் குந்தியிருந்து ஒரு தையல் மெஷினின் பாகங்களைத் துணியில் பரப்பித் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைத் தூரத்தில் கண்டதும் எழுந்து நின்றான். நான் பக்கத்தில் போய், பஸ்ஸில் கூட்டம் என்றேன், கொட்டாரத்தில் நல்ல மழை என்றேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வேலையில் அவனுக்கு எத்தனை வருஷப் பழக்கம், நான் நேற்று முளைத்தவன்.

"சொல்லும் அண்ணாச்சி. ஒரே அடியாச் சொல்லிரும்" என்றான்.

சொன்னேன். அவள் சொன்னதை ஒன்று விடாமல், முகத்தைப் பற்றிச் சொன்னதையும், சொல்லிவிட்டேன். அதை மறைத்திருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. அவன் கையிலிருந்த எண்ணெய்த் துணியை நாலாக மடித்தான். பிறகு அவள் அழுதாளா என்று கேட்டான். அழுதாள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான்.

வந்த வேலை முடிந்தது. ஆனாலும் என்னால் அவனை அப்படியே விட்டுவிட்டு நகர முடியவில்லை. தோளைத் தொடலாமா, வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடலாமா, வேறு பெண் பார்க்கலாம் என்று சொல்லலாமா என்று தெரியாமல் மரமாக நின்றேன். அவன்தான் எனக்கு இரங்கினான். ஏதோ தொழில் சொல்லித் தருகிற மாதிரி, மெதுவாகச் சொன்னான்.

"சொன்ன பொறவு நிக்கப்பிடாது அண்ணாச்சி. ஒடனே போயிரணும். சொன்ன ஆளு முன்னால நின்னா, அவியளுக்கு அழ வராது."

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.